உர மூட்டைக்குள் எண்ணெய்: மணலி சொல்லும் பாடம்

பொன்னேரி வட்டாரத்தில் சம்பா நெல்லுக்கு மேலுரம் இடும் விவசாயியின் கையில் இருப்பது யூரியா. அந்த யூரியா வந்த வழியைப் பின்னோக்கிப் பார்த்தால் அது கூட்டுறவுச் சங்கக் கிடங்கில் தொடங்கி, மணலி உர ஆலை வழியாக, எண்ணூர்த் துறைமுகத்துக்கு வரும் எரிவாயுக் கப்பலில் போய் முடியும். 2019-ஆம் ஆண்டு வரை அது உர ஆலைக்கு அடுத்துள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் போய் முடிந்தது. டீசல் என்ஜின் வைத்திருப்பவர் மட்டுமே எண்ணெயை நம்பி விவசாயம் செய்கிறார் என்பது சரியல்ல. யூரியா மூட்டை வாங்கும் ஒவ்வொருவரும் எண்ணெயையும் எரிவாயுவையும் நம்பித்தான் இருக்கிறார்.

இந்த நம்பிக்கை எப்படி ஏற்பட்டது, யாருடைய ஒப்பந்தங்களால் நிலைத்தது, அதிலிருந்து விடுபட ஏன் இவ்வளவு காலம் பிடிக்கிறது என்பதை விவசாயிகள் அறிந்துகொள்வது அவசியம். வடசென்னையின் மணலி, திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளே இதற்கு நல்ல பாடப் புத்தகம்.

யூரியா உண்டாகும் விதம்

பயிருக்கு வேண்டிய தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், காற்றில் ஐந்தில் நான்கு பங்கு உள்ளது. ஆனால் பயிர் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள இயலாது. ஆலையில் நைட்ரஜனை ஹைட்ரஜனுடன் உயர்ந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் சேர்த்து அம்மோனியா தயாரிக்கிறார்கள். அம்மோனியாவுடன் கரியமில வாயுவைச் சேர்த்தால் யூரியா கிடைக்கிறது. ஒரு டன் யூரியாவுக்குச் சுமார் 0.57 டன் அம்மோனியா தேவை.

நைட்ரஜன் காற்றில் இலவசமாகக் கிடைக்கிறது. செலவெல்லாம் ஹைட்ரஜனில்தான். அதை நாப்தாவிலிருந்தோ இயற்கை எரிவாயுவிலிருந்தோ பிரித்தெடுக்க வேண்டும். நாப்தா என்பது கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கிடைக்கும் லேசான எண்ணெய். ஆலையைச் சூடாக்கவும் அழுத்தம் கொடுக்கவும் எரிபொருள் வேறு வேண்டும். ஆகவே கச்சா எண்ணெய் விலை ஏறினால் யூரியாவின் அடக்க விலையும் ஏறும்.

விற்பவரே பங்குதாரர்

1965-ஆம் ஆண்டு மத்திய அரசும், அமெரிக்காவின் அமோகோ நிறுவனமும், ஈரான் தேசிய எண்ணெய்க் கழகமும் கூட்டாகச் சென்னைச் சுத்திகரிப்பு ஆலையை ஏற்படுத்தின. பங்குகள் முறையே 74, 13, 13 சதவீதம். ஆலை 1969-இல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெய் சுத்திகரிக்கும் திறனுடன் மணலியில் இயங்கத் தொடங்கியது. இன்றைய சென்னைப் பெட்ரோலியக் கழகம் அதுவே.

அமோகோவும் ஈரான் கழகமும் அந்நாளில் பாரசீக வளைகுடாவில் கூட்டாக எண்ணெய் எடுத்து வந்தவை. அதாவது, கச்சா எண்ணெயை விற்பவர்களே அதை வாங்கும் ஆலையிலும் பங்குதாரர்களாக இருந்தனர். 1966-இல் பதிவான மெட்ராஸ் பெர்டிலைசர்ஸ் உர நிறுவனத்திலும் மத்திய அரசின் கூட்டாளி அமோகோதான். பக்கத்து ஆலையின் நாப்தாவைக் கொண்டு 1971-இல் அங்கு உர உற்பத்தி தொடங்கியது. விஜய் என்ற பெயரில் அந்த உரம் தென்மாநில விவசாயிகளுக்குப் பழக்கமானது.

இதில் குறை மட்டுமே உண்டு என்று சொல்ல முடியாது. நாட்டில் உணவுப் பஞ்சம் நிலவிய காலம் அது. குட்டை ரக நெல்லும் கோதுமையும் அப்போதுதான் வந்தன. அவற்றுக்குத் தழைச்சத்து கூடுதலாக வேண்டியிருந்தது. உர ஆலை கட்டப் பணமும் தொழில்நுட்பமும் வெளிநாட்டு எண்ணெய் நிறுவனங்களிடம் இருந்தன. அவை நிபந்தனைகளுடன் வந்தன. உலக வங்கியும் அமெரிக்க அரசும் வற்புறுத்தியதன் பேரில், 1965 டிசம்பரில் மத்திய அரசு உரத் தொழிலில் அந்நிய மூலதனத்துக்குச் சலுகை அறிவித்தது. புதிய ஆலைகள் சில ஆண்டுகளுக்குத் தங்கள் உரத்தின் விலையைத் தாங்களே முடிவு செய்யலாம், தாங்களே விற்பனை செய்துகொள்ளலாம் என்பது அதன் சாரம்.

எண்ணெய் நிறுவனங்களின் பலம் அதற்கு முன்பே நாட்டுக்குத் தெரிந்திருந்தது. 1960-இல் சோவியத் நாடு மலிவு விலையில் கச்சா எண்ணெய் தர முன்வந்தது. அப்போது எண்ணெய்த் துறையைக் கவனித்த அமைச்சர் கே. டி. மாளவியா அதைச் சுத்திகரித்துத் தருமாறு பர்மா ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் ஆகிய கம்பெனிகளைக் கேட்டார். மூன்றும் மறுத்துவிட்டன. தங்கள் சொந்த எண்ணெய்க்கே தங்கள் ஆலைகள் என்பது அவற்றின் நிலை. பொதுத்துறை ஆலைகளை அரசு முனைந்து கட்டியதற்கு இந்த மறுப்பும் ஒரு காரணம். 1974 முதல் அக்கம்பெனிகளின் இந்தியத் தொழில்கள் ஒவ்வொன்றாக அரசுடைமை ஆயின. 1985-இல் அமோகோவும் மணலி ஆலைகளிலிருந்து விலகிக்கொண்டது.

1973-இல் கிடைத்த அடி

கம்பெனிகள் போனாலும் எண்ணெய்ப் பழக்கம் போகவில்லை. 1973 அக்டோபர் யுத்தத்துக்குப் பிறகு பாரசீக வளைகுடாக் கச்சா எண்ணெயின் அறிவிப்பு விலை பீப்பாய்க்கு 3 டாலரிலிருந்து 1974 ஜனவரியில் 11.65 டாலராயிற்று. அதன் எதிரொலி வயலில் கேட்டது. 1974-இல் யூரியாவின் விலை ஏறத்தாழ இருமடங்காயிற்று. 1974-75-இல் நாட்டின் மொத்த உர உபயோகம் முந்திய ஆண்டைவிடக் குறைந்தது. தெரியாத ஊரில் நடந்த யுத்தத்துக்கு நம் ஊர்ப் பயிர் வெளிறியது.

விவசாயிகளைக் காப்பாற்ற அரசு ஒரு வழி கண்டது. 1977 நவம்பரில் நிறுத்திவைப்பு விலைத் திட்டம் வந்தது. விவசாயிக்கு யூரியா நாடெங்கும் ஒரே விலை. ஆலைக்கு அதன் உற்பத்திச் செலவும், முதலீட்டின் மேல் 12 சதவீத ஆதாயமும் கிடைக்கும்படி தனித்தனி விலை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அரசு மானியமாகத் தரும்.

திட்டத்தால் நன்மை விளைந்தது. உர உற்பத்தி பெருகியது. விவசாயிக்கு விலை உறுதி கிடைத்தது. ஆனால் அதற்குள் ஒரு கோளாறும் இருந்தது. நாப்தாவைக் கொண்டு அதிகச் செலவில் தயாரிக்கும் ஆலைக்கு அதிக மானியம் கிடைத்தது. எரிவாயுவில் மலிவாகத் தயாரிக்கும் ஆலைக்குக் குறைந்த மானியம் கிடைத்தது. திறமைக்கு வரம்புகள் இருந்தபோதிலும், எரிபொருள் விலை ஏற்றம் பெரும்பாலும் அரசின் தலையில் விழுந்தது. நாப்தாவை விட்டொழிக்க வேண்டும் என்ற அவசரம் ஆலைக்கு ஏற்பட இதில் இடமில்லை. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற பழமொழிதான் நினைவுக்கு வருகிறது.

நாட்டின் மற்றப் பகுதி ஆலைகள் எரிவாயுவுக்கு மாறியபின், நாப்தாவில் கடைசிவரை இயங்கியவை தென்னாட்டின் மூன்று ஆலைகள்: மணலி, தூத்துக்குடி, மங்களூர். குழாய் வரவில்லை என்பது உண்மையான காரணம். குழாய் வரும்வரை காத்திருப்பதால் ஆலைக்குப் பெரிய நட்டம் இல்லை என்பதும் உண்மை. மத்திய அரசு மாற்றத்துக்குக் கெடு வைத்து, அதைப் பலமுறை நீட்டித்தது. எண்ணூரில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் திரவ எரிவாயு முனையம் 2019 மார்ச்சில் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் மணலி உர ஆலை எரிவாயுவுக்கு மாறியது. உற்பத்தி தொடங்கி 48 ஆண்டுகளுக்குப் பிறகுதான் நாப்தாவை விட முடிந்தது.

மின்சாரத்திலும் இதே கதை

உரத்தில் நடந்தது மின்சாரத்திலும் நடந்தது. 1992-இல் மத்திய அரசு தனியார் மின் நிலையங்களுக்கு விலை விதிகளை அறிவித்தது. நிலையம் ஆண்டில் 68.5 சதவீத அளவு இயங்கினால், அல்லது இயங்கத் தயாராக இருந்தால், அதன் நிலையான செலவுகளுடன் பங்கு முதலீட்டின் மேல் 16 சதவீத வருமானமும் உறுதி. எரிபொருள் செலவை மின்சாரம் வாங்கும் வாரியம் அப்படியே ஏற்க வேண்டும்.

ராயபுரத்துக்கு அடுத்த பேசின் பிரிட்ஜில், ஜி.எம்.ஆர். வாசவி நிறுவனம் 196 மெகாவாட் திறனுள்ள டீசல் என்ஜின் மின் நிலையம் கட்டியது. அது 1999-இல் முழு உற்பத்திக்கு வந்தது. கந்தகம் குறைந்த கனமான எண்ணெய் அதன் எரிபொருள். தமிழ்நாடு மின்வாரியத்துடன் 15 ஆண்டு ஒப்பந்தம். மின்சாரம் பற்றாக்குறையாக இருந்த காலத்தில் அது உதவியது. ஆனால் கச்சா எண்ணெய் விலை ஏறியபோதெல்லாம் அந்த ஏற்றம் வாரியத்தின் கணக்கில் சேர்ந்தது. வாங்காவிட்டாலும் நிலையான கட்டணம் உண்டு. 2014-இல் ஒப்பந்தம் முடிந்தது.

இங்கு நிறுவனத்தை மட்டும் குறை சொல்வதில் பயனில்லை. சட்டப்படி கிடைக்கும் ஆதாயத்தை அது பெற்றது. எண்ணெய் விலை உயர்வின் அபாயத்தை யார் சுமப்பது என்பதை ஒப்பந்தம் தீர்மானித்தது. சுமந்தது வாரியம். வாரியத்தின் நட்டத்தை முடிவில் சுமப்பவர்கள் மின் உபயோகிப்பாளர்களும் வரி செலுத்துவோரும்.

காற்றாலை வேகமாக வந்தது ஏன்?

இதே தமிழ்நாட்டில், இதே காலத்தில், நேர்மாறான ஒன்றும் நடந்தது. 1986-இல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் சோதனையாகச் சில காற்றாலைகள் அமைக்கப்பட்டன. 1990-களில் ஆரல்வாய்மொழிக் கணவாயை அடுத்த முப்பந்தலில் அவை காடு போல் எழுந்தன. பெரும்பாலானவற்றை நிறுவியவர்கள் கோவை, திருப்பூர், ராஜபாளையம் வட்டார நூற்பாலை முதலாளிகளும் மற்றத் தொழில் நடத்துவோரும் ஆவர். இன்று மாநிலத்தில் காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியுள்ளது.

அவர்கள் ஏன் அவசரப்பட்டார்கள்? மின்வெட்டின் நட்டம் அவர்களுடைய ஆலையில் விழுந்தது. உயர்ந்த மின் கட்டணம் அவர்களுடைய கணக்கில் விழுந்தது. காற்றாலையில் போட்ட முதலை முதல் ஆண்டிலேயே முழுத் தேய்மானமாகக் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் இடம் தந்தது. காற்று வீசும் மாதங்களில் கிடைக்கும் மின்சாரத்தை வாரியத்தின் கம்பியில் விட்டு வைத்து, காற்றில்லாத மாதங்களில் திரும்பப் பெறவும் அனுமதி இருந்தது. சேமிப்பின் பலன் போட்டவருக்கே கிடைத்தது.

மணலியையும் முப்பந்தலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாடம் தெளிவாகும். எரிபொருள் செலவு யார் தலையில் விழுகிறதோ அவர் மாற்று வழி தேடுகிறார். செலவைப் பிறர் தலைக்கு மாற்ற ஒப்பந்தம் உள்ளவர் மெதுவாக நடக்கிறார். எண்ணெயை விடுவதும் விடாததும் இயந்திரத்தைப் பொறுத்தது பாதி; கணக்கை யார் தீர்க்கிறார் என்பது மறுபாதி.

கணக்கில் வராத செலவு

எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படாத செலவு ஒன்று உண்டு. மணலி ஆலைகளின் தண்ணீர்த் தேவைக்காக 1960-களின் கடைசியில் மீஞ்சூர் வட்டாரத்தில் ஆழ்குழாய்க் கிணறுகள் இறக்கப்பட்டன. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் சேர்த்துவைத்த இனிப்பு நீர் அது. விவசாயிகளும் அதே நீரை இறைத்தனர். நகரத்தின் தேவையும் சேர்ந்தது. இறைப்பு ஊற்றை மிஞ்சியதும் கடல் நீர் நிலத்தடியில் உள்ளே நகர்ந்தது. 1969-இல் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை இருந்த உப்பு எல்லை, பின்னர் 10 கிலோமீட்டரையும் தாண்டியது. பல கிணறுகள் உவர்ப்பாகிப் பாசனத்துக்கு உதவாமற் போயின. நிலத்தடி நீர் எடுப்பைக் கட்டுப்படுத்த 1987-இல் தனிச் சட்டம் வந்தது. பிற்பாடு மணலி ஆலைகள் நகரக் கழிவுநீரைச் சுத்திகரித்து உபயோகிக்கத் தொடங்கின. இது பாராட்டத்தக்கது. ஆயினும் உப்பான கிணற்றின் விலை எந்த யூரியா மூட்டையிலும் அச்சாகவில்லை.

கடலோர மக்களுக்கும் இப்படித்தான். மிக்ஜாம் புயல் மழையின்போது, 2023 டிசம்பர் தொடக்கத்தில், மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்துடன் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. வீடு, படகு, வலை, அலையாத்தி மரம் எல்லாவற்றிலும் எண்ணெய் அப்பியது. இறால், நண்டு பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் தொழிலின்றி நின்றன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து விசாரணையை எடுத்தது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு, பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடினர். கப்பலிலிருந்து ஓர் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டு வரும் குழாய் அது. விவசாயிக்கு மலிவாகக் கிடைக்கும் உரத்தின் ஒரு பகுதி விலையை எண்ணூர் மீனவர் கட்டுகிறார் என்பது இதனால் புரியும்.

எரிவாயு விடுதலையா?

நாப்தாவைவிட எரிவாயு சுத்தமானது. யூரியாவுக்கு ஆகும் சக்தியும் குறைகிறது. ஆனால் எண்ணூருக்கு வரும் எரிவாயு வெளிநாட்டிலிருந்து குளிர வைத்துத் திரவமாக்கிக் கப்பலில் வருகிறது. விலை டாலரில். நீண்டகால எரிவாயு ஒப்பந்தங்கள் பலவற்றில் விலையே கச்சா எண்ணெய் விலையுடன் பிணைக்கப்பட்டுள்ளது. 2022-இல் உக்ரைன் யுத்தத்தின்போது உலகச் சந்தையில் எரிவாயு விலை பன்மடங்காயிற்று. 2022-23-இல் மத்திய அரசின் உர மானியச் செலவு 2 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. வேம்பு பூசும் செலவும் வரியும் நீங்கலாக 45 கிலோ யூரியா மூட்டை 242 ரூபாய் என்ற விலையில் விவசாயிக்கு மாற்றம் இல்லை. ஆகவே அவருக்கு அந்த அதிர்ச்சி தெரியவில்லை. 1974-இல் தெரிந்தது, 2022-இல் மானியம் மறைத்தது. மறைந்த செலவும் செலவே. கப்பல் தாமதித்தால் மூட்டை தாமதிக்கும். பயிரின் பருவம் காத்திருக்காது.

அடுத்த கட்டமாகப் பேசப்படுவது பசுமை அம்மோனியா. சூரிய ஒளி, காற்றாலை மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து, அதிலிருந்து அம்மோனியா தயாரிப்பது. எண்ணெயும் வேண்டாம், எரிவாயுவும் வேண்டாம். இதற்கென மத்திய அரசு 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. யூரியாவுக்கு அம்மோனியாவுடன் கரியமில வாயுவும் தேவை என்பதால், முதலில் பலன் பெறுவது டி.ஏ.பி., காம்ப்ளெக்ஸ் போன்ற உரங்களாக இருக்கும். தண்ணீரும் நிலமும் நிறைய வேண்டும். மீஞ்சூரின் அனுபவம் உள்ள மாநிலத்தில், தண்ணீர் எங்கிருந்து வரும் என்ற கேள்வியை முதலிலேயே கேட்பது நல்லது.

விவசாயிகள் செய்யக்கூடியவை

பெரிய ஒப்பந்தங்களை ஒரு விவசாயி மாற்ற இயலாது. தம் வயலில் நுழையும் எண்ணெயைக் குறைக்க இயலும். கீழ்க்கண்ட முறைகள் எல்லாம் பழக்கத்தில் உள்ளவை.

1. யூரியாவை வீணாக்காதிருத்தல்: தண்ணீர் தேங்கிய நெல் வயலில் இடும் யூரியாவின் தழைச்சத்தில் பயிருக்குச் சேருவது 30 முதல் 40 சதவீதமே. மீதி ஆவியாகவும் நீரோடும் போய்விடுகிறது. அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் எனப் பிரித்து இட வேண்டும். இடும்போது வயலில் நீரை வடித்துச் சேறாக வைத்திருப்பது நலம். யூரியா, ஜிப்சம், வேப்பம் பிண்ணாக்கு மூன்றையும் 5:4:1 என்ற விகிதத்தில் ஓர் இரவு கலந்து வைத்து இடும் முறையும் உள்ளது.

2. இலை வண்ண அட்டை: நடவு செய்த 14-ஆம் நாளிலிருந்து பூக்கும்வரை, 7 முதல் 10 நாளுக்கு ஒரு முறை பத்துச் செடிகளில் நன்கு விரிந்த இளம் இலையை அட்டையுடன் ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு அளவு 3, மற்ற ரகங்களுக்கு 4. பாதிக்கு மேற்பட்ட இலைகள் அளவுக்குக் கீழே வெளிறியிருந்தால் மட்டும் யூரியா இடலாம். பக்கத்து வயலைப் பார்த்து இடும் வழக்கம் இதனால் நிற்கும்.

3. பசுந்தாள் உரம்: நடவுக்கு முன் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45-ஆம் நாளுக்குள், பூக்கும் தறுவாயில் மடக்கி உழ வேண்டும். ஏக்கருக்கு 20 முதல் 30 கிலோ தழைச்சத்து கிடைக்கும். ஒரு மூட்டை யூரியாவில் உள்ள தழைச்சத்து ஏறத்தாழ 20.7 கிலோ. ஆகவே ஒரு மூட்டைக்கும் மேல் மிச்சம். மேலும் உவர்ப்பு தட்டிய நிலத்துக்குத் தக்கைப்பூண்டு ஏற்றது. மீஞ்சூர், பொன்னேரிப் பகுதியினர் இதைக் கவனிக்கலாம்.

4. நெல்லுக்குப் பின் உளுந்து, பச்சைப்பயறு: வேர் முடிச்சுகள் காற்றின் நைட்ரஜனை நிலத்தில் சேர்க்கின்றன. ரைசோபியம் கலந்து விதைப்பது நல்லது. மணலி ஆலை உயர்ந்த வெப்பத்தில் செய்யும் வேலையை இந்த முடிச்சுகள் சாதாரண வெப்பத்தில் செய்கின்றன.

5. பம்ப்செட் பராமரிப்பு: 5 குதிரைத்திறன் டீசல் என்ஜின் மணிக்குச் சுமார் 1 லிட்டர் டீசல் குடிக்கும். அடிவால்வு சிறியதாகவோ அடைப்பாகவோ இருந்தால், குழாயில் தேவையற்ற வளைவுகள் இருந்தால், அதே தண்ணீருக்குக் கூடுதல் டீசல் ஆகும். பெரிய துளையுள்ள அடிவால்வு, வழவழப்பான பி.வி.சி. குழாய், கிணற்று நீர்மட்டத்துக்கு ஏற்ற பம்ப் ஆகியவை முதல் சிக்கனம்.

சூரிய பம்ப்செட் வாங்குமுன்

2019-இல் மத்திய அரசு பி.எம். குசும் திட்டத்தைத் தொடங்கியது. தனியாக நிற்கும் சூரிய பம்ப்செட்டுக்கு மத்திய அரசு 30 சதவீதம் தருகிறது. மாநில அரசின் பங்கும் சேரும். 5 குதிரைத்திறன் பம்ப்செட்டுக்கு ஏறத்தாழ 4.8 கிலோவாட் தகடுகள் தேவை. 1 முதல் 1½ சென்ட் இடம் போதும். டீசல் என்ஜின் வைத்திருப்பவர்களுக்கும், மின் இணைப்புக்குப் பல ஆண்டுகள் காத்திருப்பவர்களுக்கும் இது ஏற்றது.

இலவச மின் இணைப்பு உள்ளவருக்குச் சூரிய பம்ப்செட்டால் கையில் மிச்சம் ஏதும் இல்லை. ஆகவே அவர் அவசரப்படுவதில்லை. மணலி ஆலை நாப்தாவை விடாததற்கும் இதற்கும் காரணம் ஒன்றே. இதை விவசாயிகள் மனம் திறந்து ஒப்புக்கொள்ள வேண்டும். இலவச மின்சாரம் போராடிப் பெற்ற உரிமை. அதைப் பறிப்பது தீர்வாகாது. மிச்சப்படுத்தும் மின்சாரத்துக்கு விவசாயிக்குப் பணம் கிடைக்கும்படி செய்தால் மாற்றம் தானே வரும். மின் இணைப்புள்ள பம்ப்செட்டைச் சூரிய சக்திக்கு மாற்றி, மிகுதியை வாரியத்துக்கு விற்கும் பிரிவு குசும் திட்டத்தில் உள்ளது. அதன் பலன் கொள்முதல் விலையைப் பொறுத்தது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வெயிலுக்குக் காசில்லை என்று நாள் முழுதும் இறைத்தால் கிணறு வற்றும். கடலோரமாயின் உப்பு ஏறும். சொட்டுநீர்ப் பாசனத்துடன் சேர்த்து அமைப்பதே உசிதம்.

கையெழுத்திடுமுன் கேட்க வேண்டியவை

சூரிய மின் நிலையம் அமைக்கத் தரிசு நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு நிறுவனங்கள் கிராமங்களுக்கு வருகின்றன. குசும் திட்டத்திலேயே, துணை மின் நிலையத்தின் அருகே 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை விவசாயியோ கூட்டுறவுச் சங்கமோ நிலையம் அமைத்து 25 ஆண்டுகள் மின்சாரம் விற்க வழி உண்டு. நிலத்தைக் குத்தகைக்கு விடுவதா, சங்கமாகச் சேர்ந்து தாங்களே நடத்துவதா என்பதை யோசித்து முடிவு செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை:

குத்தகைத் தொகை ஆண்டுதோறும் ஏறுகிறதா, 25 ஆண்டும் ஒரே தொகையா?

வாரியம் பணம் தரத் தாமதித்தால் விவசாயிக்கும் குத்தகை தாமதிக்குமா?

தகடு கழுவத் தண்ணீர் யாருடைய கிணற்றிலிருந்து வரும்?

நிறுவனம் கைமாறினால் ஒப்பந்தம் புதிய முதலாளியைக் கட்டுப்படுத்துமா?

காலம் முடிந்தபின் தகடுகளையும் கான்கிரீட்டையும் அகற்றி நிலத்தைப் பழையபடி தருவது யார் செலவு?

பம்ப்செட் வாங்குபவர் ஐந்தாண்டுப் பராமரிப்பு விவரத்தையும், பழுது பார்ப்பவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதையும் எழுத்தில் பெற வேண்டும்.

எண்ணெய்க்குப் பதில் வெயிலும் காற்றும் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதற்கில்லை. 1965-இல் மணலி ஒப்பந்தம் எழுதப்பட்டபோது மீஞ்சூர் விவசாயியையும் எண்ணூர் மீனவரையும் யாரும் கேட்கவில்லை. அதன் பலன் அரை நூற்றாண்டு நீடித்தது. இப்போது எழுதப்படும் ஒப்பந்தங்கள் 25 ஆண்டுக்கானவை. நட்டம் யாருக்கு என்ற வரியை இன்றே படித்துப் பார்ப்பது, பிறகு கிணற்று நீரைச் சுவைத்துப் பார்ப்பதைவிட மேல்.

சூரிய பம்ப்செட் மானியம் பற்றிய விவரங்களை அருகிலுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்திலும், இலை வண்ண அட்டை, பசுந்தாள் உர விதை பற்றிய விவரங்களை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலும் விவசாயிகள் கேட்டு அறியலாம்.